வீரமணி உள்ளே, வீரமணி வெளியே

சிறுவாச்சூரில் ஐந்து நாள் கிரிக்கெட் பார்ப்பவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். இருபது ஓவர் ஆட்டம் என்றால் ஊரே டிவி முன்னால் கூடும். அதில் பெருமை ஒன்றும் இல்லை. காலையிலிருந்து சாயங்காலம்வரை வெள்ளைச் சட்டைக்காரர்கள் பந்தைத் தடுத்துத் தடுத்து நிற்பதை ஐந்து நாள் சலிக்காமல் பார்க்க ஒரு தனி மண்டை வேண்டும். அந்த மண்டைகள் கூடுகிற இடம், கோயிலுக்குப் போகும் சாலையில் இருக்கும் இராமலிங்கத்தின் உரக்கடை.

அவர்களில் வீரமணி மட்டும் பாதி ஆட்டம்தான் பார்ப்பார். பாதி என்றால் மதியம்வரை என்று அர்த்தமில்லை. எதிரணி பேட்டிங் செய்தால் வீரமணி உள்ளே. நம் அணி பேட்டிங் செய்தால் வீரமணி வெளியே. பதினைந்து வருஷத்துக்கு மேலாக அந்தக் கடையில் இதுதான் சட்டம்.

வீரமணிக்கு ஐம்பதை நெருங்குகிற வயது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுக்கவும் கடலை பிடுங்கவும் போனவர்கள். இவர் ஐடிஐ படித்து, திருச்சியில் ஒரு பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டப் பழகி, ஊருக்குத் திரும்பி உரக்கடைக்கு எதிரிலேயே தகரக் கொட்டகை போட்டார். இந்தப் பக்கம் கரண்ட் இஷ்டத்துக்கு ஏறி இறங்கும் என்பதால் போர்வெல் மோட்டார்களும் இஷ்டத்துக்கு எரியும். பிழைப்புக்குக் குறைவில்லை. ஆள் முன்கோபி. மோட்டாரைக் கொண்டுவந்த விவசாயி அதைப் பற்றிப் பாடம் நடத்த ஆரம்பித்தால், "அப்ப நீங்களே கட்டிக்குங்க" என்று கம்பியைக் கையில் கொடுத்துவிடுவார். அப்படிப்பட்டவர் உரக்கடைச் சட்டத்துக்கு மட்டும் எப்படிக் கட்டுப்பட்டார் என்பதுதான் வேடிக்கை.

தொடக்கம் சாதாரணமானது. கடை போட்ட புதிதில் ஒருநாள் ஸ்கோர் கேட்க உரக்கடைக்குள் கால் வைத்தார். விக்கெட் விழுந்தது. யூரியா மூட்டைமேல் உட்கார்ந்தார். இன்னொன்று விழுந்தது. போன் வந்து வெளியே போனார். நம் ஆட்கள் இருவர் நங்கூரம் போட்டு நின்றார்கள். பேசி முடித்துத் திரும்பி வந்தார். அந்த நங்கூரமும் போனது. சரக்கு வேன் ஓட்டும் நடராசன்தான் முதலில் கண்டுபிடித்தவன். "டேய் வீரமணி, நீ பாத்தாலே விழுதுடா. கொஞ்சம் வெளிய நில்லேன்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், வீரமணியும் சிரித்தார், வெளியே நின்றார். அன்று நாம் ஜெயித்துத் தொலைத்தோம்.

ஜெயித்ததுதான் வினை. அடுத்த ஆட்டத்துக்கும் வெளியே நிற்கச் சொன்னார்கள்.

அந்தக் கடையில் சட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உரமூட்டைகள்தான் கேலரி. தொடரின் முதல் நாள் யார் எந்த மூட்டைமேல் உட்கார்ந்தாரோ, தொடர் முடியும்வரை அதே மூட்டைதான். அந்த மூட்டைகளை விற்கவும் கூடாது. ஒருமுறை செட்டிகுளத்திலிருந்து வந்த வெங்காய விவசாயி, கடையில் கடைசியாக இருந்த டிஏபி மூட்டையைக் கேட்டார். அது நடராசனுக்குக் கீழே இருந்தது. இராமலிங்கம் ஸ்டாக் இல்லை என்றார். "அந்தா இருக்குல்ல?" என்று அவர் கையைக் காட்ட, "அது மேட்ச் முடிஞ்சப்பறம்தாங்க" என்று பதில் வந்தது. அவர் திட்டிவிட்டுப் பெரம்பலூருக்குப் போனார். இன்னொன்று, மட்டையோடு களத்தில் நிற்பவர் பெயரை யாரும் வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் ஆள் அவுட். அதனால் இறங்கும் வரிசையை வைத்து மூணாமவர், நாலாமவர் என்றுதான் சொல்வார்கள். மாமனார் பெயரைச் சொல்லாத மருமகள்களிடம்கூட இவ்வளவு கட்டுப்பாடு இப்போது கிடையாது.

வீரமணியை உள்ளே அழைக்கும் வழக்கம் பின்னால் வந்தது. ஆஸ்திரேலியாக்காரர்கள் இருவர் ஒரு நாள் முழுக்க ஆடி உயிரை வாங்கினார்கள். நடராசனுக்குப் பொறி தட்டியது. "இவன் பாத்தா விழுதுன்னா, யாரு ஆடுனாலும் விழுவும்ல? கூப்புடுங்கய்யா அவன!" செம்புக் கம்பியும் கையுமாக வீரமணி வந்து நின்றார். அவர் வந்த இரண்டாவது ஓவரில் விக்கெட் விழுந்தது. கடையே எழுந்து குதித்தது. இராமலிங்கம் தானே போய் டீ சொன்னார், கூடவே மசால் வடையும்.

அதிலிருந்து எதிரணியில் யாராவது நிலைத்து ஆடினால் வீரமணிக்குப் போன் போகும். எதிரில்தான் கொட்டகை, ஒரு குரல் கொடுத்தால் போதும். ஆனாலும் போன்தான் மரியாதை என்று நடராசன் போன் செய்வான். "வீரமணி, ஒடனே வா. நிக்கிறானுங்க." பாதி கட்டிய காயிலைப் போட்டுவிட்டு அவர் கிளம்புவார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, எல்லாரும் பார்க்க உள்ளே வந்து, கதவோரம் தனக்கென்று கிடக்கும் ஜிப்சம் மூட்டைமேல் உட்கார்ந்து டிவியை முறைப்பார். விழ வேண்டியது எப்போதாவது விழத்தானே செய்யும்? விழுந்ததும் டீ வரும். வீரமணிக்கு அந்த டீ பிடித்திருந்தது. வாழ்க்கையில் நாலு பேர் ஒரே நேரத்தில் அவருக்காகக் காத்திருந்தது வேறெங்கும் நடக்கவில்லை. அதில் அவருக்கு ரொம்பப் பெருமை இருந்தது. அதை மறைக்கவும் தெரியாது அவருக்கு.

நம் ஆட்கள் இறங்கியதும் யாரும் சொல்லாமலே எழுந்து போய்விடுவார். கொட்டகையில் காயில் கட்டிக்கொண்டே காதால் ஆட்டம் பார்ப்பார். ஒரு கைதட்டல் என்றால் நாலு ரன். இராமலிங்கத்தின் நாற்காலி சாய்கிற சத்தம் கேட்டால் எல்பி அப்பீல். சத்தமே இல்லையென்றால் நம் ஆள் தொண்ணூறில் இருக்கிறார். செல்போனில் பார்த்தால் ஆகாதா என்று யாருக்கும் தோன்றும். யார் தடுத்தார்கள்? அவரேதான். நடராசனைவிட அவர்தான் அதை அதிகம் நம்பினார். சாயங்காலம் எல்லாம் முடிந்தபின் ஹைலைட்ஸ் பார்ப்பார். நடந்து முடிந்ததை யார் பார்வையும் ஒன்றும் செய்ய முடியாதே.

விளையாட்டு வினையாகும் என்பது சும்மா சொன்ன சொல் இல்லை. வீரமணியின் மைத்துனி மகளுக்கு நிச்சயம் செய்ய வந்த அன்று, பந்தலில் யாரோ, "மச்சான், நீங்க கொஞ்சம் அந்தப் பக்கமா நில்லுங்க. கிரிக்கெட்டுல மாதிரி ஆயிடப் போவுது" என்றார்கள். கிண்டல்தான். வீரமணி சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார். அவர் மனைவி வளர்மதி சிரிக்கவில்லை. சொன்ன ஆளைப் பந்தல் நடுவிலேயே பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். கோயில் நடை திறக்கும் வெள்ளி, திங்கள் இரண்டு நாளும் வாசலில் அர்ச்சனைத் தட்டு விற்பவள். கூட்டத்தில் குரல் எடுபடுவது எப்படி என்று அவளுக்குத் தெரியும்.

ஆனால் அதைவிட மோசமானதை வீரமணி தானாகவே செய்தார். மகள் மணிமொழி பன்னிரண்டாவது பரீட்சைக்குக் கிளம்பிய காலைகளில், அவள் கண்ணில் படக் கூடாது என்று வீட்டுக்குப் பின்னால் கிணற்று மேட்டில் போய் நின்றுகொண்டார். "அப்பா எங்கம்மா?" என்று அந்தப் பெண் தேடிவிட்டுப் பஸ் ஏறியது. நல்ல மார்க் வாங்கித் திருச்சியில் நர்சிங் சேர்ந்தது. பார்த்தாயா, நான் ஒளிந்ததால்தான் என்றார் வீரமணி. வளர்மதி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

இப்படியே ஓடிக்கொண்டிருந்திருக்கும். ஆனால் போன தை மாதம் ஆஸ்திரேலியா இங்கே ஆட வந்தபோது, நாலாமவர் இந்தத் தொடரோடு ஓய்வு பெறுவதாக அறிவித்தார்.

நாலாமவர்தான் வீரமணியின் உயிர். கொட்டகையில் அவர் படம்தான் ஒட்டியிருக்கும், வார்னிஷ் தெறித்துப் பழுப்பேறி. வீரமணி கடை போட்ட காலத்தில் அணிக்குள் வந்தவர். இவர் காயில் கட்டிய காலம் முழுக்க அவர் ஆடியிருக்கிறார். அவர் ஆடிய ஒரு பந்தைக்கூட வீரமணி நேரடி ஒளிபரப்பில் பார்த்ததில்லை. ஹைலைட்ஸில் நாலும் ஆறும்தான் வரும். அவர் பந்தைத் தொடாமல் விடுவதைப் பார்க்க வேண்டும் என்று வீரமணிக்கு ஆசை. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை மட்டையைத் தூக்கிக்கொண்டு அவர் விடும் அழகே தனி என்று நடராசன் சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறார். விட்ட பந்தை எந்த ஹைலைட்ஸில் காட்டுவார்கள்?

முதல் இரண்டு டெஸ்டும் போய்விட்டன. தொடர் ஒன்றுக்கு ஒன்று. கடைசி டெஸ்ட் வியாழக்கிழமை தொடங்கியது. ஆஸ்திரேலியா முதலில் ஆடியது, வீரமணிக்கு இரண்டு முறை போன் வந்தது, இரண்டு டீ குடித்தார். வெள்ளிக்கிழமை மாலை நம் அணியில் இரண்டு விக்கெட் விழ, நாலாமவர் இறங்கி ஒரு சில ரன்னோடு நின்றார். சனிக்கிழமை அவர் ஆடுவார். இப்போது பார்க்காவிட்டால் இனி எப்போது என்று வீரமணிக்குக் கொட்டகையில் கையே ஓடவில்லை. பார்த்து அவர் அவுட்டாகிவிட்டால் அந்தப் பாவத்தை எங்கே கழுவுவது என்றும் இருந்தது.

கடைசியில் ஒரு நியாயம் கண்டுபிடித்தார். சாமிக்கே எல்லை இருக்கிறது, ராசிக்கு இருக்காதா? சிறுவாச்சூர் எல்லையைத் தாண்டிவிட்டால் இந்த ராசி செல்லாது. பெரம்பலூர் போதாது, அங்கே தெரிந்த முகங்கள் அதிகம். அரியலூரில் ஒரு மோட்டார் வேலை என்று நடராசனிடம் சொல்லிவிட்டுச் சனிக்கிழமை காலை பஸ் ஏறினார்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி. டிவி இருந்தது. சிமெண்ட் லோடுக்குக் காத்திருக்கும் லாரி டிரைவர்கள் நாலைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீரமணி உள்ளே போய், டிவிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். எல்லை தாண்டியும் தைரியம் வரவில்லை. எதிரே கேக் அடுக்கிய அலமாரி. அதன் பின்பக்கம் கண்ணாடி பதித்திருந்தது. இரண்டு கேக்குகளுக்கு நடுவே டிவி தெரிந்தது. நேராகப் பார்த்தால்தானே குற்றம், கண்ணாடியில் பார்த்தால் என்ன என்று தனக்குத்தானே ஒரு சலுகை கொடுத்துக்கொண்டார். வலக்கை ஆட்டக்காரரான நாலாமவர் கண்ணாடியில் இடக்கையால் ஆடினார். ஸ்கோர் திரும்பித் தெரிந்தது. வீரமணி டீயை ஆறவிட்டு அதையே பார்த்தார்.

எவ்வளவு நேரம் போனதோ, கடைக்காரர் பன் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து அந்த இடைவெளியில் வைத்துவிட்டார். கண்ணாடி மறைந்தது. "ஸ்ஸ்ஸ்" என்று டிரைவர்கள் ஒரு சேர மூச்சை இழுத்தார்கள். யோசிக்க நேரமில்லை, வீரமணி திரும்பிவிட்டார்.

வேகப்பந்து, ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே. நாலாமவர் மட்டையை உயரத் தூக்கி, பந்தை விட்டார். அது கீப்பர் கைக்குப் போனது. அவ்வளவுதான் நடந்தது. வீரமணிக்குக் கண் கலங்கிவிட்டது. கடைக்காரர், "என்னாங்க, டீயில ஏதாச்சும் கெடக்கா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. நல்லா இருக்கு."

நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். நாலாமவர் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஐம்பது அடித்தார், டீ இடைவேளைக்குப் பின் நூறு அடித்தார். வீரமணி எழுந்து கைதட்டினார். முன்பின் தெரியாத லாரி டிரைவர் ஒருவர் அவரைக் கட்டிப்பிடித்தார். அத்தனை நேரமும் கண்ணை எடுக்காமல் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. திரும்பிவரும் பஸ்ஸில்தான் வேறொன்று உறைத்தது. பார்த்தும் ஒன்றும் ஆகவில்லை என்றால், இத்தனை வருஷம் வெளியே நின்றது எதற்கு?

சிறுவாச்சூரில் இறங்கியதும் நடராசன் ஓடிவந்து தோளைப் பிடித்துக் குலுக்கினான். "நூறுடா வீரமணி! ஏன் தெரியுமா? நீ ஊர்லயே இல்ல! இத்தினி வருசமா உன்னைய ரோட்டுக்கு அந்தாண்ட வச்சதுதான் தப்பு. தூரம் பத்தல."

உரக்கடை முழுக்க அதே பேச்சு. இனி நம் ஆட்கள் ஆடும்போதெல்லாம் வீரமணியை அரியலூருக்கு அனுப்பிவிடுவது, பஸ் செலவு எல்லாரும் போட்டுக்கொள்வது என்று முடிவாகியிருந்தது. வீரமணி நடந்ததைச் சொல்லத்தான் நினைத்தார். அத்தனை முகமும் அவரைப் பார்த்துச் சிரித்தபடி இருந்தது.

வளர்மதியிடம் மட்டும் சொன்னார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டுக் கேட்டாள். "அப்ப புள்ள பரிச்சைக்குப் போனப்ப கெணத்து மேட்டுல போயி நின்னீங்களே, அது என்னாத்துக்கு?"

வீரமணி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"நாளைக்கே அவங்ககிட்ட சொல்லணும் நீங்க."

"சீரிஸ் முடியட்டும் வளரு. இப்ப சொன்னா..." என்று இழுத்தார். இப்போது சொன்னால் வெளியே நிறுத்தமாட்டார்கள், உள்ளேயும் கூப்பிடமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்திரேலியாவின் இரண்டாவது இன்னிங்ஸ். மதியம் போன் வந்தது. வீரமணி போய் ஜிப்சம் மூட்டைமேல் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் விக்கெட் விழுந்தது, கடை குதித்தது, டீ வந்தது. விழுந்த அந்தப் பந்தை வீரமணி பார்க்கவே இல்லை. தன் செருப்பை நாய் கவ்விக்கொண்டு போகிறதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை ஒருவரும் கவனிக்கவில்லை. அன்றைய டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

திங்கட்கிழமை, கடைசி நாள். நாம் விரட்ட வேண்டும். கோயிலில் நல்ல கூட்டம். அந்தக் கூட்டத்துக்குள் நடராசன் தன் வேனை ஊர்ந்து ஓட்டி, வீரமணியை முன்சீட்டில் வைத்துப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோனான். மாப்பிள்ளை அழைப்புக்குக் குறைவில்லாத ஏற்பாடு. வளர்மதி அர்ச்சனைத் தட்டோடு நிமிர்ந்து பார்த்தாள். இன்னும் சொல்லவில்லையா என்பது அந்தப் பார்வை. வீரமணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எறங்குனதும் போன் பண்ணு. அதுக்கப்பறந்தான் நாங்க டிவிய நிம்மதியா பாக்க முடியும்" என்று பஸ் ஏற்றிவிட்டான் நடராசன்.

அதே பேக்கரி, அதே நாற்காலி. இந்த முறை நேராகவே உட்கார்ந்தார். மதியத்துக்குப் பிறகு நாலாமவர் இறங்கினார். ஆஸ்திரேலியாக்காரர்கள் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று கைதட்டி அவரை வரவேற்றார்கள். இத்தனை வருஷம் வாய்க்கு வந்தபடி ஏசிய ஆட்களா இவர்கள் என்று வீரமணிக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நாலாமவர் நாலைந்து பந்துகளைத் தடுத்தார். ஒன்றை விட்டார். அடுத்ததையும் விட்டார். அது உள்ளே திரும்பி ஸ்டம்பைத் தட்டியது.

நாலாமவர் ஸ்டம்பை ஒரு தடவை பார்த்துவிட்டு, மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார். மைதானம் முழுக்க எழுந்து நின்றது. வீரமணியும் எழுந்து நின்றார். நாலாமவர் படியேறி மறையும்வரை உட்காரவில்லை.

போன் அடித்தது. நடராசன்.

"டேய், எங்க இருக்க?"

"அரியலூர்ல."

"பொய் சொல்லாத. பாதி வழியில எறங்கித் திரும்பிட்டியா?"

"இல்லடா. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பேக்கரில இருக்கேன். டிவிக்கு முன்னாடி."

"மேட்ச்ச பாத்தியா?"

"பாத்தேன்."

"பாவி! அவருக்குக் கடைசி ஆட்டம்டா. கெடுத்துட்டியேடா!"

போனை வைத்திருக்கலாம். தெரியாமல் பார்த்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வீரமணிக்கு அந்த முன்கோபம் அப்போதுதான் வந்தது, பதினைந்து வருஷம் தாமதமாக.

"சனிக்கெழம நூறு அடிச்சாரே, அதையும் நான் பாத்துக்கிட்டுதான்டா இருந்தேன். இதே கடை, இதே நாக்காலி. நேத்து விக்கெட் விழுந்துச்சே, அத நான் பாக்கவேயில்ல, வாசல்ல நாயப் பாத்துக்கிட்டு இருந்தேன். என்னால யாரும் அடிக்கவும் இல்ல, என்னால யாரும் அவுட்டாவவும் இல்ல. நான் மோட்டாருக்குக் காயில் கட்டுறவன்டா! இத நம்பிக்கிட்டு எம்புள்ள பரிச்சைக்குப் போறப்ப மூஞ்சியக் காட்டாம ஒளிஞ்சு நின்னேன்டா. அது என்னையத் தேடிட்டுப் போச்சு."

லாரி டிரைவர்கள் டிவியை விட்டு இவரைப் பார்த்தார்கள். நடராசன் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தான் போலிருக்கிறது. அந்தப் பக்கம் ஒரு மூட்டை நகரும் சத்தம் கேட்டது. பிறகு இராமலிங்கத்தின் குரல் வந்தது.

"வீரமணி."

"சொல்லுங்கண்ணே."

"மீதி ஆட்டத்தையும் பாத்துட்டு வாப்பா."

ஆட்டம் டிராவில் முடிந்தது. டிராவுக்கு யாரைப் பாராட்டுவது, யாரைத் திட்டுவது என்று உரக்கடையில் சட்டம் எதுவும் இல்லாததால் எல்லாரும் பேசாமல் கலைந்து போனார்கள். வீரமணி அன்று இரவு மணிமொழிக்குப் போன் செய்து, அடுத்த பரீட்சை எப்போது என்று கேட்டார். எதற்கு என்று அவள் கேட்டாள். சும்மாதான் என்றார். அந்த நாள் காலையில் திருச்சிக்குப் போய் அவள் ஹாஸ்டல் வாசலில் நின்றார். அவள் பயந்துபோய், அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாளாம்.

அடுத்த தொடர் புரட்டாசியில் வந்தது, வேறு நாடு. முதல் நாள் வீரமணி உள்ளே போய், கதவோர ஜிப்சத்தை விட்டுவிட்டு, நடுவில் ஒரு பொட்டாஷ் மூட்டையைப் பிடித்தார். நம் ஆட்கள் இறங்கினார்கள். யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. நாலாவதாக ஒரு புதுப் பையன் வந்தான். அவனும் பந்தை விட்டான், ஆனால் அழகாக இல்லை. இரண்டு நாள் வீரமணி ஆசைதீரப் பார்த்தார். விழுந்த விக்கெட்டுக்கு யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கொட்டகையில் மோட்டார்கள் சேர்ந்துபோய் இரண்டு விவசாயிகள் சண்டைக்கு வந்தார்கள்.

மூன்றாம் நாள் எதிரணி. இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். சாப்பாட்டுக்கு முன்னாலும் அவர்கள்தான், பின்னாலும் அவர்கள்தான். இராமலிங்கம் யூரியா வாங்க வந்தவரின் கைரேகையை மானியக் கணக்கு மெஷினில் மூன்று தடவை தப்பாக வைக்க வைத்தார். நடராசன் நகத்தைக் கடித்தான், எழுந்து நின்றான், உட்கார்ந்தான். பிறகு டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே பழக்கதோஷத்தில் போனை எடுத்து அழுத்தினான்.

அவனுக்குப் பின்னால், பொட்டாஷ் மூட்டைமேல் மணி அடித்தது.

நடராசன் திரும்பினான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நடராசன் முகம் சுருங்கிப்போனது. "மறந்துட்டன்டா" என்று சொல்லிப் போனை அணைக்கப் போனான்.

வீரமணி அதற்குள் எடுத்துக் காதில் வைத்துவிட்டார். "சொல்லுடா."

நடராசனும் போனைக் காதுக்குக் கொண்டுபோனான். "நிக்கிறானுங்கடா" என்றான் மெதுவாக.

"இரு, வரேன்."

வீரமணி எழுந்து வெளியே போனார். செருப்பை மாட்டி, சாலையைத் தாண்டித் தன் கொட்டகைவரை போய், அங்கிருந்து திரும்பி நடந்து வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். எல்லாரும் பார்க்க உள்ளே வந்து, கதவோரம் இருந்த ஜிப்சம் மூட்டைமேல் உட்கார்ந்து டிவியை முறைத்தார்.

அன்று முழுக்க விக்கெட் விழவில்லை. இராமலிங்கம் டீ சொன்னார், கூடவே மசால் வடையும்.